உஷார்! பவளத்துக்கு முன்பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

தம்பி, நில்லுங்க! கைப்பேசியில் பச்சையும் ஊதாவுமாய் மின்னுகிற அந்தப் பவளத்துக்குப் பணம் அனுப்பப் போறீங்களா? பத்து நிமிஷம் பொறுங்க. பவளம் எங்கேயும் ஓடிப் போகாது. போன பணம் திரும்பி வராது.

உலு யாம் பாருவில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று சந்து தள்ளி ஒரு தம்பி. பெயர் வேண்டாம். அம்மா அப்பா இரண்டு பேரும் தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்த்த பிள்ளை. ராவாங் பக்கம் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. குடி கிடையாது, சூது கிடையாது. மீன் தொட்டிதான் உயிர். கப்பியில் ஆரம்பித்து, கடல் மீனுக்குப் போய், கடைசியில் பவளத்தில் வந்து நின்றது.

முதலில் வாங்கியது 35 வெள்ளிக்கு ஒரு சின்னத் துண்டு. ‘35 வெள்ளிதானேம்மா’ என்றான் அம்மாவிடம். அந்த 35 வெள்ளியில்தான் தூண்டில் முள் இருந்தது. அடுத்த மாதம் டார்ச் பவளம், ஒரே ஒரு தலை, 280 வெள்ளி. அதற்குத் துணையாக இன்னொன்று. தீபாவளி போனஸ் தீர்ந்தது. பிறகு மனைவியின் வளையல் இரண்டு அடகுக் கடைக்குப் போயின. கணக்குப் பார்த்தபோது பவளத்துக்கு மட்டும் 2,600 வெள்ளி. தொட்டி, விளக்கு, மோட்டார் எல்லாம் தனி.

பவளத்தின் விலை என்று கடைக்காரர் சொல்வது நுழைவுச் சீட்டின் விலை. உள்ளே போனபிறகுதான் செலவே ஆரம்பம்.

நாம் இருப்பது கடற்கரையில் இல்லை. தண்ணீரை நாமே கடலாக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 35 கிராம் கடல் உப்பு. அந்தத் தம்பியின் மூன்றடித் தொட்டி 180 லிட்டர், ஆக முதல் நாளே 6 கிலோவுக்கு மேல் உப்பு. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றணும். சமையல் உப்பு உதவாது. குழாய்த் தண்ணீரிலும் கலக்க முடியாது, குளோரின் இருக்கும். வடிகட்டி இயந்திரம் வேண்டும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று நான்கு லிட்டர் வீணாய் ஓடும்.

உப்புக் காசை மிச்சம் பிடிக்க அவன் கோல சிலாங்கூர் பக்கம் போய் நாலு டிரம் கடல் தண்ணீர் அள்ளி வந்தான். அங்கேதான் சிலாங்கூர் ஆறு கடலில் விழுகிறது. நம் பத்தாங் காலி ஆற்றுத் தண்ணீரும் அதில் கலந்துதான் போகிறது. அது சேறு கலந்த, உப்புக் குறைந்த முகத்துவாரத் தண்ணீர். மின்மினிப் பூச்சிகள் கூடும் ஆற்றங்கரை மரங்களுக்கு அது வாழ்வு; பவளத்துக்கு அது சாவு. மூன்றே நாளில் இரண்டு துண்டுகள் சுருங்கிப் போயின.

அடுத்தது சூடு. பவளம் 25, 26 டிகிரியில் நிம்மதியாக இருக்கும். மதியம் மூன்று மணிக்கு நம் வீட்டு ஹாலில் எத்தனை டிகிரி என்று பாருங்க. 31-க்குக் குறையாது. 2010-இல் கடலே சூடேறிப் பவளம் வெளுத்தது. தியோமான், ரெடாங் தீவுகள் பக்கம் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை அரசாங்கம் மூடி வைத்தது. பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருந்து அதற்குச் சோறு போடுகிறது. சூடு தாங்காமல் பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். அப்புறம் பட்டினிதான். பெருங்கடலுக்கே அந்தக் கதி என்றால் உங்கள் கண்ணாடித் தொட்டி எம்மாத்திரம்?

அதனால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. 250 வாட் சில்லர் நாளில் பாதி நேரம் ஓடினாலே 3 யூனிட். விளக்கு, மோட்டார், அலை இயந்திரம், நுரை பிரிப்பான் எல்லாம் சேர்த்தால் நாளுக்கு 6 யூனிட். மாதம் 180. யூனிட்டுக்கு 50 சென் என்று வைத்தாலும் 90 வெள்ளி, மாதாமாதம், தொட்டி இருக்கும்வரை. இதில் கால்சியம், காரத்தன்மை சோதிக்கும் மருந்துகள் சேரவில்லை.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். தைப்பூசம். வீடே பூட்டிவிட்டு எல்லாரும் பத்துமலைக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் இடி இடித்தது. நம் பக்கம் இடி என்றால் தெரியுமே, மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் டப்பென்று விழுந்துவிடும். வீட்டில் ஆள் இருந்தால் தூக்கிவிடலாம். ஆள் இல்லை. தண்ணீர் ஓட்டம் நின்றது, மூச்சு நின்றது, சூடு ஏறியது. மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது வாசல்வரை நாற்றம். அந்த 280 வெள்ளி டார்ச் பழுப்புச் சளியாக வழிந்து கிடந்தது. அவன் காலணியைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

அவன் அம்மா என்ன செய்தார் தெரியுமா? பிள்ளையின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், கல்லையாவது கழுவி வைப்போம் என்று அண்டாவில் வெந்நீர் போட்டார். கையில் தேய்ப்பு பிரஷ். நல்லவேளை, அவன் பார்த்துப் பிடுங்கினான்.

ஐயோ, கேளுங்க! பவளக் கல்லை ஒருபோதும் கொதிநீரில் போடாதீங்க. தேய்க்காதீங்க. அந்த 35 வெள்ளித் துண்டு ஜோவாந்திட் வகை. பட்டன் பட்டனாகப் பூப்போல் இருக்கும். அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. ஆவியில் கலந்து மூச்சோடு உள்ளே போகும். 2018 மார்ச்சில் இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்ட்ஷயர் ஸ்டீவன்டன் கிராமத்தில் ஒருவர் தொட்டிப் பவளத்தைச் சுத்தம் செய்தார். அவர் குடும்பத்தோடு, உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்கள் நால்வரும் மருத்துவமனைக்குப் போனார்கள். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீங்க. கையில் வெட்டுக் காயம் இருந்தால் தொட்டிப் பக்கமே போகாதீங்க. தொட்ட பிறகு காய்ச்சல், நெஞ்சு இறுக்கம், வாயில் உலோகச் சுவை வந்தால் உடனே மருத்துவமனை. ‘பவளத்தைத் தொட்டேன்’ என்று டாக்டரிடம் சொல்ல மறக்காதீங்க.

இத்தனைக்கும் பிறகு வாங்கித்தான் தீருவேன் என்றால், இவற்றையாவது பார்த்து வாங்குங்க.

படம் நீல விளக்கில் எடுத்ததா? அது பொய் நிறம். வெள்ளை விளக்கில் ஒரு படம் கேளுங்க. அனுப்பத் தயங்கினால் விலகிடுங்க. அடியில் சதை விலகி வெள்ளை எலும்பு தெரிந்தால், அது சாகத் தொடங்கிவிட்டது. பழுப்புச் சளி ஒட்டியிருந்தால் தொடவே வேண்டாம், பக்கத்தில் இருப்பதையும் கொல்லும். எலுமிச்சை மஞ்சள், ரோஸ் என்று கண்ணைப் பறித்தால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம். நேற்று வெட்டிய துண்டு, இன்று வந்து இறங்கிய சரக்கு, இரண்டும் வேண்டாம். இரண்டு வாரம் கடையிலேயே உயிரோடு இருக்கட்டும். ‘இன்னொருத்தர் கேட்கிறார், இப்பவே போடுங்க’ என்று அவசரப்படுத்துகிறாரா? உஷார்!

பழைய தொட்டி வாங்கினால், மீன் வியாதிக்குச் செம்பு மருந்து ஊற்றினார்களா என்று கேளுங்க. செம்புக் குடத்துத் தண்ணீர் நமக்கு நல்லது என்று பாட்டி சொல்வார். பவளத்துக்கு அது விஷம். கொசு மருந்துப் புகை அடிக்க வருகிற நாளில் ஜன்னலைச் சாத்தித் தொட்டியை மூடுங்க. கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயும் அப்படித்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பலருக்குத் தெரியவில்லை. டார்ச், அக்ரோபோரா போன்ற கல் பவளங்கள் எல்லாமே அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பவை. அனுமதிக் கடிதம் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவந்தால், மலேசியாவின் 2008-ஆம் ஆண்டு அழிந்துவரும் உயிரினங்கள் வணிகச் சட்டத்தில் பெரும் அபராதம், சிறை என்று எழுதியிருக்கிறது. ரசீது தராத ஆளிடம் மலிவாக வாங்காதீங்க. தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் போன்ற கடல் பூங்காக்களில் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது. ராமேஸ்வரம் போகும் பெரியவர்களே, கரையில் கிடக்கும் பவளக் கல்லை ஞாபகத்துக்கு என்று பைக்குள் போடாதீங்க. இந்தியாவில் அது 2001 முதல் புலிக்கு இணையான பாதுகாப்பில் இருக்கிறது.

ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வழி இதுதான். பவளம் வாங்காமல், உப்புத் தண்ணீரும் கல்லும் மட்டும் வைத்து, சில்லரோடு இரண்டு மாதம் தொட்டியை ஓட்டுங்க. இரண்டு மின்சாரக் கட்டணம் வரட்டும். அதை மனைவி கையில் கொடுத்துக் கேளுங்க. அவங்க சரி என்றால் முதலில் மின்வெட்டுக்கு பேட்டரி காற்று மோட்டார். அதற்குப் பிறகு பவளம்.

அந்தத் தம்பி வீட்டில் தொட்டி இப்போது காலியாக இருக்கிறது. கண்ணாடியில் உப்புக் கோடு மட்டும் வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது. அடகுச் சீட்டை அவன் மனைவி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். மீட்க இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது.