ஆம்ப் இல்லாமல் பேஸ் கிட்டார்

திருவாடானைப் பக்கம் கோயில் திருவிழா, மெல்லிசைக் கச்சேரி. பேஸ் கிட்டார்காரருக்குப் பின்னால் ஆம்ப் பெட்டியே இல்லை. ஆனாலும் அடிநாதம் கடைசி வரிசை வரை நெஞ்சில் இடிக்கிறது. எப்படி?

அவர் காலடியில் கிடக்கும் கையகல டி.ஐ. பாக்ஸைப் பாருங்கள். கிட்டார் ஒயர் அதற்குள் போகிறது. அங்கிருந்து மைக் ஒயரில் நேரே மிக்சருக்கு. கிட்டாரின் சிக்னல் நோஞ்சான். சாதா ஒயரில் 100 அடி இழுத்தால் துல்லியம் மங்கும், சீரியல் லைட் இரைச்சலும் ஒட்டிக்கொள்ளும். டி.ஐ. பாக்ஸ் அதை இரண்டு கம்பிகளில் ஒன்றுக்கொன்று எதிர்மாறாக அனுப்புகிறது. மிக்சரில் இரைச்சல் மட்டும் கழிந்துவிடும். அப்படியும் 'உம்ம்' என்று இரைந்தால், பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிப்ட் சுவிட்சைத் தட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

1960களில் அமெரிக்காவின் மோடவுன் ஸ்டூடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் பதிவானதும் இப்படி நேரடி இணைப்பில்தான்.

சிக்கல் வேறிடத்தில். வாசிப்பவருக்குத் தன் வாசிப்பு கேட்க வேண்டுமே! கனத்த தந்தியைச் சும்மா மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். சின்ன மானிட்டர் பெட்டி அதை விழுங்கிவிடும். அதனால் பலர் இயர்போனுக்கு மாறிவிட்டார்கள். பேட்டரியில் ஓடும் பாக்ஸ் என்றால், மேடையேறும் முன்பே புது 9 வோல்ட் பேட்டரி போட்டுவிடுங்கள்.