புண்ணை ஆற்றும் தூதுவர்



திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் இயந்திரத்தின் ஊசி விரலில் ஏறிவிடுவதுண்டு. கத்தரி தோலைக் கிழிப்பதும் உண்டு. பின்னலாடையில் ஓர் இழை அறுந்தால் அது தானே கூடுவதில்லை. ஒருவர் அமர்ந்து தைக்கவேண்டும். தோலோ தன்னைத்தானே தைத்துக்கொள்கிறது. அவ்வேலையை ஏவுபவர் யார் என்பதையே இன்று விளக்க விரும்புகிறேன்.

ஏவுபவை நம் உடலிலே சுரக்கும் இரசாயனப் பொருள்களே. தோல் கிழிந்ததும் இரத்தத்திலுள்ள தட்டணுக்கள் திரண்டு காயத்தின் வாயை அடைக்கின்றன. அத்துடன் நில்லாது, வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களையும் வெளியிடுகின்றன. அத்தூது கிடைத்ததும் வெள்ளணுக்கள் விரைந்து வந்து கிருமிகளை அழிக்கின்றன. காயத்தைச் சுற்றிச் சிவப்பும் வீக்கமும் காண்பது இவ்வேளையில்தான். இரண்டு மூன்று நாட்களில் விழுங்கணுக்கள் பொறுப்பேற்றுக் கழிவை அகற்றுகின்றன. புதிய தூதும் விடுக்கின்றன. அதற்கிணங்க நாரணுக்கள் கொலாஜன் என்னும் புரதத்தை உண்டாக்குகின்றன.

கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்த அமைப்புடையது என்று 1954-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர். முறுக்கேறிய நூலின் வலிமையை நூற்பாலை நிறைந்த இவ்வட்டாரத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

மேல்தோலை வளரத் தூண்டும் காரணியைக் கண்டவர் ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்க அறிஞர். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த அப்பொருளைச் செலுத்தியபோது, எலிக்குஞ்சுகள் உரிய நாளுக்கு முன்னரே கண் திறந்தன. அவருக்கும் ரீட்டா லெவி-மொந்தால்சினிக்கும் 1986-இல் நோபல் பரிசு கிட்டியது.

தூதைத் தடுப்பவையும் உண்டு. கவலை மிகும்போது அட்ரினல் சுரப்பியிலிருந்து கார்ட்டிசால் மிகுதியாகச் சுரந்து, தொடக்கத் தூதுகளை அடக்குகிறது. 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், பல் மருத்துவ மாணவர் 11 பேரின் மேலண்ணத்தில் விடுமுறையில் ஒருமுறையும், தேர்வுக்குச் சற்று முன் ஒருமுறையும் ஒரே அளவான சிறு காயம் செய்து பார்த்தனர். தேர்வுக் காலத்துக் காயம் ஆறுவதற்குச் சராசரியாக 40 சதவீதம் கூடுதலான நாட்கள் பிடித்தன!

நீரிழிவும் புகைப்பழக்கமும் இவ்வாறே ஆறுதலைத் தாமதிக்கச் செய்யும். ஆகவே காயம்பட்டால் காப்பித்தூளையோ சுண்ணாம்பையோ அப்பாதீர்கள். தூய நீரும் சோப்பும் கொண்டு கழுவுங்கள். துருப்பிடித்த ஊசியானால் தனுர்வாத ஊசி பற்றி மருத்துவரைக் கேளுங்கள். ஆறாத புண்ணுடையோர் சர்க்கரையைச் சோதிக்கட்டும். இரவு ஷிப்டு முடித்து வரும் தந்தையும் தமையனும் பகலில் அயர்ந்து உறங்கினால் எழுப்பாதீர்கள். அவ்வுறக்கமும் அவர்தம் விரல்களுக்கு மருந்தே.