ஆம்பளைக்கு அழகு எது?

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற 'சொல்தா' என் பெரியப்பா. பாகூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினார். பார்த்த என் பத்து வயது மகனும் கழுவப் போக, மாமியார், "பொம்பள வேலை உனக்கெதுக்குடா?" என்று அதட்டினார். பிள்ளை முகம் சுண்டிப் போயிற்று.

பெரியப்பா சிரித்தபடி, "சம்பந்தியம்மா, நம்மூர்ல ரெண்டு ஆம்பளைங்க கைகோத்து நடந்தா சிநேகிதம். பிரான்சுல ஒரு மாதிரி பாப்பாங்க. அங்க ஆம்பளை தட்டு கழுவினா யாரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க; இங்க கேலி. எல்லாம் ஊர் வழக்கம்தான்" என்றார்.

அங்கே 2021 ஜூலை முதல், குழந்தை பிறந்தால் தகப்பனுக்கு 28 நாள் விடுப்பாம். நம் மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள்.

மறுநாள் என் கணவரே தட்டோடு குழாயடிக்குப் போனார். மாமியார் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டார்!

தோழிகளே, நல்ல வழக்கம் எந்த ஊருடையதானால் என்ன? நம் பிள்ளைகளுக்குப் பழக்குவோமே!

- ஒரு வாசகி, வில்லியனூர்.