பழைய சங்கிலி வாளும் புதிய வலிமையும்

பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவதே செல்வம் மிக்க நாட்டவரின் இயல்பு என்று நாம் எண்ணிக்கொள்வதுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்து ஒரேகன், வாஷிங்டன் மாநிலங்களில் காட்டு மரம் வீழ்த்திப் பிழைக்கும் மக்களிடையே இவ்வெண்ணம் செல்லாது. தந்தை கையாண்ட சங்கிலி வாளைக் கொட்டிலிலிருந்து எடுத்து, ஆணி ஆணியாகப் பிரித்துக் கழுவிப் பூட்டுதலை ஒரு கலையாகவே அங்குப் பலர் பயின்றிருக்கின்றனர். செத்த இயந்திரத்துக்கு உயிரூட்டுவது அவர்களது நோக்கங்களுள் ஒன்று. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் அதற்கிருந்த வலிமையினும் மிகுந்த வலிமையை அதற்கு ஊட்டுவது மற்றொன்று. முன்னதை யாரும் மெச்சுவர். பின்னதைப் பற்றியே சிறிது ஆராய வேண்டியிருக்கிறது.

நம்மவர் ‘செயின்சோ’ என்று ஆங்கிலப் பெயராலேயே வழங்கும் இவ்வியந்திரம் சென்ற நூற்றாண்டின் குழந்தை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் அந்திரேயாஸ் ஷ்டீல் என்பவர் 1926இல் மின்சாரத்தால் ஓடும் வாளையும் 1929இல் பெற்றோலால் ஓடும் வாளையும் செய்தார். இருவர் சேர்ந்தாலன்றி அவற்றைக் கையாளல் இயலாது. 1949இல் மக்கலொக் என்னும் அமெரிக்கக் கம்பெனியார் 25 இறாத்தல் எடையுள்ள ‘3-25’ வாளை வெளியிட்டனர். ஒருவன் தனியே வாளைச் சுமந்து காட்டுக்குள் நடப்பது அதன்பின் இயல்பான காட்சியாயிற்று. மிதவை வைத்த கார்புரேற்றருக்குப் பதிலாகச் சவ்வு வைத்த கார்புரேற்றர் வந்தமையும் இதற்குத் துணை செய்தது. வாளை எப்பக்கம் சரித்தாலும் எஞ்சின் நில்லாது ஓடியது.

பின்வந்த ஆண்டுகளில் வாள்கள் பருத்தன. மக்கலொக்கின் 125 வரிசை வாளின் உருளை 123 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு உடையது. ஷ்டீலின் 090 வாளோ 137. இன்றைய தொழிலாளி கையில் பெரும்பாலும் இருப்பது 70 கன சென்ரிமீற்றரை அண்டிய வாளே. அத்தனை பெரிய உருளை அக்காலத்தில் மெல்லச் சுழன்று, அளவோடு உழைத்து, நெடுநாள் வாழும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதற்குள் இன்னும் வெளிப்படாத வலிமை உறங்குகிறதென்று மறுசீரமைப்போர் கருதுவதில் வியப்பில்லை.

ஆனால் வெட்டும் வலிமை எங்கே இருக்கிறது? எஞ்சினில் என்று நாம் சொல்லிவிடுவோம். 1946இல் ஒரேகன் காட்டில் நடந்த நிகழ்ச்சியொன்று வேறு விடை தருகிறது. ஜோசப் கொக்ஸ் என்னும் மரத்தொழிலாளி மரக்கட்டையொன்றில் வண்டின் புழு துளையிட்டுச் செல்வதைக் கண்டார். மனிதனின் சுட்டுவிரல் பருமனே உள்ள அப்புழு மரத்தின் நாரோடும் நாருக்குக் குறுக்கேயும் ஒரே எளிமையுடன் தின்றுகொண்டு சென்றது. அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் செதுக்கின. அந்நாளைய சங்கிலிப் பற்களோ மரத்தைப் பிறாண்டிக் கிழிப்பவை, விரைவில் மழுங்குபவை, அரம் கொண்டு தீட்டுவதிலேயே வேலைநாளிற் பெரும்பகுதியை விழுங்குபவை. புழுவின் தாடையைப் போலவே வளைந்து செதுக்கும் இரும்புப் பல்லைக் கொக்ஸ் அமைத்து, போர்ட்லந்து நகரில் தம் வீட்டு நிலவறையில் 1947இல் செய்யத் தொடங்கினார். இன்று உலகெங்கும் ஓடும் சங்கிலிகள் அப்பல்லின் வழித்தோன்றல்களே. இதற்காக எந்த எஞ்சினையும் எவரும் பெரிதாக்கவில்லை என்பதை நோக்குக.

நல்ல மறுசீரமைப்பாளன் இதனை மறப்பதில்லை. ஒவ்வொரு வெட்டும் பல்லின் முன்னும் ஒரு சிறு மேடு உண்டு. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாமென்று வரையறுப்பது அம்மேடு. பல்லைத் தீட்டத் தீட்ட அது தேய்ந்து தாழ்கிறது, மேடோ பழைய உயரத்திலேயே நிற்கிறது. இரண்டுக்கும் இடையே அங்குலத்தின் ஆயிரத்தில் 25 பங்கு அளவான இடைவெளி இல்லாவிடின் எத்தகைய எஞ்சினும் மரத்தூளைத்தான் உதிர்க்கும், சீவல் வராது. பேராசை கொண்டு மேட்டை மிகுதியாக அராவிவிட்டாலோ, பல் கடித்த கடியை விடாமல் வாளையே பின்னோக்கி எறிந்துவிடும். சங்கிலியை ஓட்டும் பற்சில்லை 7 பல்லிலிருந்து 8 பல்லுக்கு மாற்றுவாரும் உளர். வேகம் ஏழில் ஒரு பங்கு கூடும். இழுக்கும் பலம் அதற்கேற்பக் குறையும். கணக்கு எங்கும் ஏமாறுவதில்லை.

அடுத்தது நோய் நீக்கல். பல ஆண்டு கிடந்த வாளில் சவ்வு விறைத்திருக்கும், பெற்றோல் குழாய் வெடித்திருக்கும். அமெரிக்கப் பெற்றோலில் இப்போது கலக்கப்படும் எதனோல் என்னும் மதுசாரம் பழைய இறப்பரை மேலும் கெடுக்கிறது. சுழல்தண்டின் இரு முனையிலும் உள்ள அடைப்புகள் தேய்ந்து காற்றை உள்ளே விட்டால், பெற்றோலும் அதனோடு கலந்துவரும் எண்ணெயும் போதாமல் எஞ்சின் வெந்து பிஸ்டன் உராய்ந்து கீறும். ‘வலிமை குறைந்த வாள்’ என்று கொண்டுவரப்படுபவற்றுட் பல உண்மையில் இத்தகைய நோயாளிகளே. இவற்றைக் குணப்படுத்தாமல் வலிமை ஊட்டுவது காய்ச்சற்காரனை ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புவது போலாம்.

அதன்பின்னரே உருளையில் கைவைக்கலாம். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் உருளையின் கூரைக்கும் இடையே எவ்வளவு இடம் எஞ்சுகிறது? இதனை அறிய அவர்கள் செய்யும் உபாயம் அழகானது. பற்றவைக்கும் பிளக்கின் துளை வழியே மெல்லிய ஈயக் கம்பியொன்றை நுழைத்துச் சுழல்தண்டைக் கையால் ஒருமுறை சுற்றுகின்றனர். நசுங்கி வெளிவரும் கம்பியின் தடிப்பே விடை. அரை மில்லிமீற்றர் இருந்தால் நன்று. மிகுதியாயின் உருளையின் அடியிலுள்ள கடதாசி அடைப்பை எடுத்து உருளையைத் தாழ்த்துவர். அமுக்கம் கூடும், ஆனால் வாயில்கள் திறக்கும் நேரமும் உடனே மாறிவிடும். ஆகவே சிறு சாணைக்கல்லால் வாயில்களைத் தேய்த்துத் திருத்த வேண்டியதாகிறது. இங்கே மயிரிழை பிசகினும் மீட்சியில்லை. புகை செல்லும் வாயிலை அளவுக்கு மேல் அகலமாக்கினால் பிஸ்டனின் வளையம் அதற்குட் பிதுங்கி முறியும். ஓரங்களை மழுக்காது விட்டாலும் அதே கதிதான்.

சைலன்சரில் பெரிய துளையிடுவது இவற்றுள் எளியது. எனவே கற்றுக்குட்டிகள் முதலிற் செய்வது. புகை இலகுவாக வெளியேறும்போது பெற்றோலும் கூடுதலாக வேண்டும். கார்புரேற்றரின் திருகை எவ்வளவு திருப்புவது? இங்கு அளவுகோல் காதுதான். முழு வேகத்தில் வெறுமனே ஓடும்போது வாள் கொஞ்சம் கரகரத்துத் தடுமாற வேண்டும். மரத்தில் இறங்கியதும் அக்கரகரப்பு மறைந்து ஒலி தெளிய வேண்டும். வெறுமனே ஓடும்போதே கீச்சென்று இனிமையாக ஒலித்தால் பிஸ்டன் வெந்துகொண்டிருக்கிறதென்று பொருள். இனிய ஒலியைக் கேட்டு மகிழ்ந்து எஞ்சினைக் கொன்றவர் பலர்.

1985இல் தொடங்கிய ‘டிம்பர்ஸ்போர்ட்ஸ்’ போட்டிகளில் ‘ஹொட் சோ’ என்றொரு பிரிவுண்டு. விருப்பம்போல் மாற்றியமைத்த வாளால் ஒரு கட்டையில் மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக, மறுபடி மேலிருந்து கீழாக மூன்று வட்டத் துண்டுகள் அரிய வேண்டும். பனிச்சறுக்கு வண்டியின் எஞ்சினையே வாளிற் பூட்டி வந்தோரும் உண்டு. வல்லவர்கள் சில விநாடிகளில் முடித்துவிடுவர். அது விளையாட்டு, அந்த வாளுக்கு விதித்த ஆயுளும் அவ்வளவே. நாள் முழுதும் மரம் அரிய வேண்டியவன் அதனைப் பின்பற்றுவது, என் எண்ணத்தில், அறிவுடைமையாகாது.

இதனினும் பெரிய ஐயமொன்று எனக்குண்டு. கையை அதிர்வினின்று காக்கும் கைப்பிடிகள் 1960களின் நடுப்பகுதியில்தான் வந்தன. அதற்கு முந்திய வாள்களை ஆண்டுக்கணக்கில் பிடித்தவர்களின் விரல்கள் குளிரில் இரத்தமோட்டம் அற்று வெளுத்து மரத்துப்போயின. ‘வெண்விரல்’ என்று அந்நோய்க்குப் பெயரிட்டனர். வாள் முனை மரத்தில் மோதி முகத்தை நோக்கி எறியும்போது சங்கிலியைக் கணத்தில் நிறுத்தும் பிறேக் 1970களின் தொடக்கத்திலேயே வந்தது. மறுசீரமைப்பாளன் உருளையை அகழலாம், வாயிலைத் திருத்தலாம், பல்லைத் தீட்டலாம். ஆனால் அந்த பிறேக்கைப் பூட்டுதற்கான இடமே பழைய வாள்களுட் பலவற்றில் இல்லை. கூட்டிய வலிமை முழுவதும் பிறேக்கில்லாத சங்கிலியிலேயே ஓடுகிறது. இன்றைய வாளில் இடக்கைக்கு முன்னே அகன்ற காப்பொன்று நிற்கும் இடத்தில், 1949ஆம் ஆண்டு வாளில், வெறும் குழாய்க் கைப்பிடி மட்டுமே இருக்கிறது.