பெட்டிக்கு ரெண்டு பூட்டு!

வீட்டுக்கு வைஃபை ரூட்டர் வந்ததும் நாம் செய்கிற முதல் காரியம், அதைத் தோதான ஒரு ஸ்டூலில் உட்கார வைப்பது. இரண்டாவது காரியம், அதை அடியோடு மறந்துவிடுவது!

பழனி மலைச் சரிவில் உள்ள பெரும்பாறையில், காபித் தோட்டத்துக்குள் குடியிருக்கும் நண்பரிடம், "அண்ணே, ரூட்டர்ல பாஸ்வேர்ட் மாத்தினீங்களா?" என்றேன். சிரித்தார். "அடுத்த வீடு ரெண்டு பர்லாங் தள்ளி இருக்கு தம்பி. காட்டெருமை வந்து நெட் பார்க்கப் போகுதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பெட்டிக்கு ஒன்றல்ல, ரெண்டு பூட்டு!

முதல் பூட்டு, வைஃபை பாஸ்வேர்ட். அக்கம்பக்கத்து ஆசாமிகளுக்கானது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிக்கச் சில நிமிஷங்கள் முன்பு, டி.வி. நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் ஈ-மெயில் வந்தது. துப்புத் துலக்கிய போலீஸ் போய்க் கதவைத் தட்டியது, நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வீட்டில்! பூட்டாமல் கிடந்த அவருடைய வைஃபையில் யாரோ புகுந்து அனுப்பியிருக்கிறார்கள். பாவம், விசாரணை என்று மனிதர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

இரண்டாவது பூட்டு, பெட்டியின் அமைப்புகளையே மாற்றுவதற்கான அட்மின் பாஸ்வேர்ட். இதைத்தான் முக்கால்வாசிப் பேர் தொடுவதே இல்லை. பல பெட்டிகளில் 'அட்மின்' என்ற சொல்லே சாவி. 2016-ல் 'மிராய்' என்றொரு வைரஸ், கம்பெனிக்காரன் வைத்த இந்த மாதிரி அறுபது சாவிகளை வைத்துக்கொண்டு, உலகம் பூரா கேமராக்களையும் ரூட்டர்களையும் திறந்து பார்த்தது. லட்சக்கணக்கில் சிக்கின. அந்தப் படையை ஏவி, அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாவற்றையும் தடுமாற வைத்தார்கள். இதற்குப் பக்கத்து வீடு தேவையில்லை. பெரும்பாறையும் ஒன்றுதான், பாரிஸும் ஒன்றுதான்!

சரி, என்ன செய்யணும்?

ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். 192.168.1.1 என்பது போல ஒரு முகவரி இருக்கும். வைஃபையில் இணைந்த போனின் பிரவுசரில் அதை அடித்தால், அமைப்புப் பக்கம் திறக்கும். முதல் வேலையாக அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

அடுத்து வைஃபை. பாதுகாப்பு வகையில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அது, இல்லாவிட்டால் டபிள்யூ.பி.ஏ.2. பழைய 'வெப்' வேண்டவே வேண்டாம், அது ஓட்டைப் பூட்டு. பாஸ்வேர்ட் நீளமாக இருக்கட்டும். குழந்தை பெயர், போன் நம்பர் கூடாது. 'டபிள்யூ.பி.எஸ்.', 'ரிமோட் மேனேஜ்மென்ட்' இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

மலை வீடுகளின் கனத்த கல் சுவரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சோர்ந்துவிடும். தூரத்து அறைக்கு 2.4 தான் தோது. பெட்டியை வீட்டின் நடுவில், உயரத்தில் வையுங்கள். இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள்.

ஓர் எச்சரிக்கை! ஊசியால் அமுக்குகிற 'ரீசெட்' துளையில் விளையாடினால் எல்லா அமைப்பும் அழிந்து, பழைய சாவியே திரும்பி வந்துவிடும். சில இணைப்புகளில் கம்பெனி கொடுத்த யூசர் பெயரையும் மறுபடி போட்டால்தான் நெட் வரும். மலையில் லைன்மேன் வருவதற்குள் ரெண்டு நாள் ஓடிவிடும்!

மொத்தம் கால் மணி நேர வேலை. புது பாஸ்வேர்டுகளை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். லீவுக்கு வரும் பேரன் செருப்பைக் கழற்றுமுன் கேட்கப்போவது அதைத்தான்.