பாயும் நங்கூரமும்

பனிமய அன்னையின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய கலைஞர் ஒருவர் நம் முத்துநகரில் பிறந்தார். ஜோசப் பனிமயதாஸ் என்றால் பலருக்குத் தெரியாது; ஜே.பி. சந்திரபாபு என்றால் வீட்டுப் பெரியவர்களின் முகம் மலரும்.

அவர் பிறந்தது 1927இல். தந்தையார் விடுதலைப் போராட்ட வீரர். ‘சுதந்திர வீரன்’ பத்திரிகையை நடத்தியவர். ஆங்கில அரசின் அடக்குமுறையால் குடும்பம் கொழும்பில் வாழ நேர்ந்தது. 1943இல் சென்னை வந்தபோது, மகனின் உள்ளமெல்லாம் நடிப்பும் பாட்டுமாக இருந்தது. மதிப்புள்ள குடும்பங்கள் சினிமாத் தொழிலை ஐயத்தோடு பார்த்த காலம் அது. பிள்ளையின் எதிர்காலம் குறித்துப் பெற்றோர் அஞ்சுவதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. அந்த அச்சமும் அன்பின் ஒரு வடிவமே.

1947இல் ‘தன அமராவதி’ படத்தில் முதல் வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் தொடர்ந்து கதவுகள் திறக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் மனமுடைந்து, உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றார், காப்பாற்றப்பட்டார். அன்று அவர் பிழைத்ததால்தான் ‘சபாஷ் மீனா’ போன்ற படங்களில் தமிழகம் வாய்விட்டுச் சிரித்தது. தம் பாடல்களைத் தாமே பாடி, மேலைநாட்டு மலைவாசிகளைப்போலக் குரலைச் சட்டென்று ஏற்றி இறக்கும் ‘யோடலிங்’ முறையையும் தமிழ்ப் பாட்டில் புகுத்தினார்.

1966இல் விவிலியச் சொற்களையே தலைப்பாக்கி, ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தை இயக்கினார். ஆயினும் பணமுடையும் மதுப்பழக்கமும் அவரை வருத்தின. இசையமைப்பாளர் எம்.எஸ். விசுவநாதன் போன்ற உற்ற நண்பர்கள் இருந்தும், 1974இல் 46ஆம் வயதில் மறைந்தார்.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? நம் துறைமுகத்தின் அந்நாளைய பாய்த்தோணியை நினைத்துப் பாருங்கள். பாய் இல்லையேல் அது கரையை விட்டு நகராது. நங்கூரம் இல்லையேல் நின்ற இடத்தில் நில்லாது. கலையார்வம் பாய், குடும்பம் நங்கூரம். ஒன்றை அறுத்து எறிந்துவிட்டு மற்றொன்றால் மட்டும் கடலோட முடியாது.

தோழியரே, வரையவோ பாடவோ எழுதவோ ஆசையிருந்தால் அதை ஒளிக்காதீர்கள்; வீட்டாரிடம் சொல்லுங்கள். தோல்வி வரும் நாளில் தனியே அழாமல், நம்பிக்கைக்குரியவரிடம் மனம் திறந்து பேசுங்கள். நண்பர்களாகிய நாம் கைதட்டுவதோடு நிறுத்தாமல், தவறு கண்டால் எடுத்துச் சொல்வோம். பெற்றோரே, ‘வேண்டாம்’ என்று சொல்லுமுன் ஒருமுறை உங்கள் மகளின் பாட்டை முழுமையாகக் கேளுங்கள்.