எல்லை கடக்கும் அட்டை

போலந்து நாட்டுச் சாரதி ஒருவர் பாரமேற்றிய லொறியுடன் ஜேர்மனியையும் பிரான்சையும் கடந்து ஸ்பெயினுக்குச் செல்கிறார் எனக் கொள்வோம். வழியிலே ஸ்பானியப் பொலிசார் அவரை நிறுத்துகின்றனர். அவர் மொழி இவர்களுக்குத் தெரியாது. இவர்கள் மொழி அவருக்குத் தெரியாது. எனினும், அவர் எத்தனை மணி நேரம் ஓட்டினார், எப்பொழுது இளைப்பாறினார் என்பன சிறிது நேரத்துள் தெரிந்துவிடுகின்றன. இவற்றை அறிவிப்பது, ‘ஸ்மார்ட் காட்’ என வழங்கும் சில்லு பதித்த அட்டையே.

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, பாரவாகனச் சாரதி நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமே ஓட்டலாம். வாரத்தில் இருமுறை மாத்திரம் பத்து மணி நேரம் ஓட்ட அனுமதியுண்டு. நாலரை மணி நேரம் ஓட்டியபின் 45 நிமிட ஓய்வு கட்டாயம். உறக்கமற்ற சாரதியால் விளையும் உயிர்ச்சேதத்தைத் தடுப்பதே இதன் நோக்கம். முன்னர் ஓட்டிய நேரம் காகித வட்டு ஒன்றிலே கோடாகப் பதிவாயிற்று. வட்டை மாற்றி ஏமாற்றுதல் எளிதாயிருந்தது. ஆகவே, 2006ஆம் ஆண்டு மே மாதம் முதல் புதிய வாகனங்களில் இலத்திரனியற் பதிகருவியும் அதற்குரிய அட்டையும் கட்டாயமாக்கப்பட்டன.

ஒரு நாட்டின் அட்டையை மற்றொரு நாட்டின் கருவி வாசிப்பதற்கு மூன்று உடன்பாடுகள் வேண்டும்.

முதலாவது, வடிவம். பிரான்சின் ஆரம்பகாலச் சில்லு அட்டைகளில் உலோகத் தொடுமுனைகள் மேல் மூலையை அண்டியிருந்தன. சர்வதேச நியமம் அவற்றுக்கு வேறிடம் வகுத்தது. இன்று அட்டையின் நீளம் 85.6 மில்லிமீற்றர், அகலம் ஏறத்தாழ 54 மில்லிமீற்றர், தடிப்பு 0.76 மில்லிமீற்றர். நிறமும் வரையறுக்கப்பட்டுள்ளது: சாரதிக்கு வெள்ளை, நிறுவனத்துக்கு மஞ்சள், பழுதுபார்க்கும் பட்டறைக்குச் சிவப்பு, பரிசோதிக்கும் அதிகாரிக்கு நீலம்.

இரண்டாவது, மொழி. எந்தத் தகவல் எவ்விடத்தில் இருக்கும், கருவி எவ்வாறு வினவும், அட்டை எவ்வாறு விடையளிக்கும் என்பன ஒரே முறையில் அமைதல் வேண்டும். குறைந்தது 28 நாள்களின் விபரங்களை அட்டை தாங்கவேண்டும் என முதலில் வகுக்கப்பட்டது.

மூன்றாவது, நம்பிக்கை. இதுவே மிகக் கடினமானது. போலந்து வழங்கிய அட்டை போலியன்று என்பதை ஸ்பெயின் எவ்வாறு அறியும்? இத்தாலியின் இஸ்ப்ரா நகரிலுள்ள ஐரோப்பிய ஆணைக்குழுவின் ஆய்வுநிலையத்தில் மூலச் சான்றாளர் ஒருவர் அமைக்கப்பட்டுள்ளார். அவர் ஒவ்வொரு நாட்டுக்கும் கணித முறையிலான முத்திரையொன்றை உறுதிப்படுத்துகிறார். அந்த நாடு தன் அட்டைகளுக்கு அதே வகையில் முத்திரையிடுகிறது. நொத்தாரிசின் ஒப்பத்தைப் பதிவாளர் உறுதிசெய்வது போன்றதே இச்சங்கிலி. மூல முத்திரையை அறிந்த கருவி எதுவும், முன்பின் காணாத அட்டையையும் சோதித்துவிடும்.

எல்லாத் துறைகளிலும் இவ்வாறு நிகழவில்லை. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் வங்கி, போக்குவரத்து, சுகாதாரம், அடையாளம் ஆகிய பல துறைகளின் அட்டைகளுக்கும் பொது நியமங்கள் வகுக்க முயன்றது. ஆயினும், 2004இல் அறிமுகமான ஐரோப்பியச் சுகாதாரக் காப்புறுதி அட்டைக்குச் சில்லு கட்டாயமாக்கப்படவில்லை. அது கண்ணால் வாசிக்கும் அட்டையாகவே வந்தது. ஒவ்வொரு நாடும் தன் மருத்துவமனைகளுக்கும் காப்புறுதி முறைகளுக்கும் ஏற்ற ஏற்பாடுகளை முன்னரே கொண்டிருந்தது. சாரதி அட்டைக்கோ நோக்கம் ஒன்று, சட்டமும் ஒன்று. நியமம் வெற்றிபெறுவதற்குத் தொழில்நுட்பம் மாத்திரம் போதாது, எதற்காக இணங்குகிறோம் என்பதிலும் தெளிவு வேண்டும் என்பது இதனாற் புலப்படுகிறது.

இன்னுமொன்று. அட்டை மெய்யானது என்பதையே முத்திரை உறுதிப்படுத்தும். அதனைச் செருகிய கை யாருடையது என்பதை அது அறியாது. பிறர் அட்டையைச் செருகி ஓட்டுவோரும் உளர். ஒருவர் இரு நாடுகளில் இரு அட்டைகள் பெறாதிருக்க, நாடுகள் தம் பதிவேடுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்குகின்றன. அதற்கப்பால், சாரதியின் முகத்தையும் அட்டையிலுள்ள படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது, தெருவோரத்தில் நிற்கும் அதிகாரியின் கடமையாகவே இருக்கிறது.